மூன்று படி கீழே

நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையாகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அங்கே மூன்று வெள்ளைக்காரப் பையன்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு டேபிள் ஃபேன் மட்டும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது.

"கிரேஸ், இங்க ஏதோ சண்டை நடக்கு. வா, போயிருவோம்" என்றார் இவர், கீபோர்டைக் கீழே வைக்காமலே.

போயிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. போன வாரம் நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டக் கற்ற கதையைப் படித்துவிட்டு, "உங்கள் கணவர் எப்போதும் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கென்று கதை கிடையாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. இது அவர் கதைதான். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அவரிடம் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். தொண்ணூறுகளின் நடுவில். பச்சைக் கார் வாங்கிய பிறகு, மகள் பிறப்பதற்கு முன்.

பேஸ் இல்லாத குழு

டெக்சாஸில் நாங்கள் இருந்த பிளானோவிலிருந்து டாலஸ் போகிற வழியில், சாமான் போட்டுவைக்க வாடகைக்கு விடும் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. ஷட்டரைத் தூக்கினால் ஒரு கார் நிற்கிற இடம். அதில் ஒன்றில்தான் அந்தப் பையன்கள் பழைய கம்பளத்தை விரித்து, ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, பாட்டுப் பழகினார்கள். சூடேறிய தகரமும் சிகரெட்டும் கலந்து ஒரு வாடை. இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை வந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர்கள் வாசித்தது கிரஞ்ச். சியாட்டில் பக்கம் கிளம்பி அப்போது அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்த ராக் சங்கீதம். கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்கவிட்டு, மனக்கஷ்டத்தை உரக்கச் சொல்லிப் பாடுவார்கள். கட்டம் போட்ட தடிமனான சட்டைதான் அதற்கு யூனிஃபார்ம். சியாட்டில் குளிருக்கு அது சரி. டெக்சாஸ் வெயிலில், அந்தத் தகரத்துக்குக் கீழேயும் மூன்று பேரும் அதைக் கழற்றவில்லை. பக்தி என்றால் அது பக்தி.

டெரிக் என் ஆபீசில் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன். ஒரு குழுவில் கிட்டார் வாசித்தான். வேட், மிட்ச் இரண்டு பேரும் வேறொரு குழு. அங்கே வேட் டிரம்ஸ், மிட்ச் பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் தடித்த சத்தம் போடுகிற கிட்டார். இந்த மூன்று பேரும் தங்கள் குழுக்களை விட்டுவிடாமல், பொழுதுபோக்காக இன்னொரு குழு தொடங்கியிருந்தார்கள். கிரஞ்ச்காரர்களிடம் இது ஒரு வழக்கம். பெரிய பெரிய குழுக்காரர்களே, இந்தக் குழுவிலிருந்து ஒருவர், அந்தக் குழுவிலிருந்து ஒருவர் என்று கூடி, தற்காலிகமாக ஒன்று சேர்ந்து வாசித்துவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போவார்களாம். யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லையாம். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்தாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற கூட்டத்தில் வளர்ந்த எனக்கு, இது பெரிய ஆச்சரியம்.

டெரிக் ஒரு விதி வைத்திருந்தான். சொந்தக் குழுவில் உன்னை எது செய்ய விடுவதில்லையோ, இங்கே அதைத்தான் செய்ய வேண்டும்.

நல்ல விதிதான். அதன்படி, கிட்டார் வாசிக்கிற டெரிக் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். டிரம்ஸ் வாசிக்கிற வேட் கிட்டார் கொண்டுவந்துவிட்டான். காலமெல்லாம் பேஸ் வாசித்துச் சலித்துப்போன மிட்சும் கிட்டாரோடு வந்து நின்றான். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. பேஸ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளோ, விதி விதிதான் என்று சொல்லிவிட்டான். முறைப்பு அதற்குத்தான்.

எலுமிச்சை சாதம்

எனக்கு உடனே எங்கள் சபையின் பாட்லக் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். யார் எதைக் கொண்டுவருவது என்று கேட்டுச் சொல்கிற அக்கா ஒரு மாதம் இந்தியா போயிருந்தார். அன்றைக்கு மேஜைமேல் பாத்திரங்களைத் திறந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எலுமிச்சை சாதம். சீக்கிரம் முடியும், கெட்டுப்போகாது என்று எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறது. தொட்டுக்கொள்ள ஒரே ஒரு வீட்டிலிருந்து சிப்ஸ். ஆனால் அன்றைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் என்றைக்கும் சிரித்ததில்லை.

இதை நான் அந்த மூன்று பேருக்கும் சொன்னேன். முதலில் வேட் சிரித்தான். பிறகு மிட்ச். அப்புறம் டெரிக் என் பக்கம் திரும்பி, நீ சர்ச்சில் இடது கையால் என்ன வாசிக்கிறாய் என்று கேட்டான்.

அவன் என்னைக் கூப்பிட்டது ஏதோ ஒரு பாட்டுக்கு ஆர்கன் சத்தம் வேண்டும் என்பதற்காக. ஆனால் எங்கள் சபையில் என் கீபோர்டைத் தவிர வேறு வாத்தியம் கிடையாது. ஆகவே இடது கைதான் பேஸ். அதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாடகர் குழு நடத்துகிற அருள்தாஸ் அங்கிள், "இடது கையைக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா, பாட்டை அமுக்குது" என்று வாராவாரம் சொல்வார்.

இங்கே அந்தக் கையை அவிழ்த்துவிட்டேன். டெரிக் என் கீபோர்டைப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டிக் கொடுத்தான். ஒரு கட்டையை அழுத்தினேன், தகரக் கூரை அதிர்ந்தது. இவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் மறுபடி அழுத்தினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான்கு பேரும் ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடித்தோம். நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. குழுவுக்கு 'இடது கை' என்று பெயர் வைத்தது டெரிக். "ஊர்ல இந்தப் பேரை மட்டும் சொல்லிராத" என்றார் இவர்.

ஆபீஸ் எடுத்துக்கொடுத்த வேலை விசாவில் இருந்ததால் வேறெங்கும் சம்பளம் வாங்கக்கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பளமா, யாருக்கு?

கல்லூரியில் கேட்ட குரல்

இப்போது இவர் கதைக்கு வருகிறேன். என் கணவர் ஜெயசீலன். பாளையங்கோட்டையில் படிக்கிற காலத்தில், கல்லூரிப் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பார். நான்கு குரல் பாட்டில் அடிக்குரல் இவருடையது. நான் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருப்பேன். ஆளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே குரலைக் கேட்டுவிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆழமான குரல். அதற்குப் பிறகு ஆளைப் பார்த்தேன். பரவாயில்லை என்று தோன்றியது. இதை அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன், படித்துவிட்டு மீசைக்குள் சிரிக்கிறார்.

அமெரிக்கா வந்த பிறகு அந்தக் குரலைக் காணோம்.

எங்கள் சபையில் நான்கு குரலெல்லாம் கிடையாது. எல்லாரும் ஒரே குரலில் பாடுவோம், அதுவும் அருள்தாஸ் அங்கிள் வைக்கிற சுருதியில். அவருக்கு எல்லாக் கீர்த்தனையும் ஐந்து கட்டை. பெண்கள் எப்படியோ சமாளித்தோம். ஆண்கள் பாதிப் பாட்டில் கைவிட்டுவிடுவார்கள். நாங்கள் போன முதல் ஞாயிறு, இவர் ஆசையாகப் பாடப் போய், மேலே போகிற இடத்தில் குரல் உடைந்து கீச்சென்றது. முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. அதோடு சரி. பிறகு உதட்டை மட்டும் அசைப்பார். வீட்டிலும் பாடுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் காலேஜோட முடிஞ்சு போச்சு" என்பார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் காதலித்த குரல் அது. கார் வந்தது, வீடு வந்தது, அது மட்டும் வரவில்லை. மறுபடி ஒரு தடவை அவர் வாய்விட்டுப் பாடிக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பெரிய ஆசை.

சுருதியைக் குறைக்கலாமா என்று அருள்தாஸ் அங்கிளிடம் ஒரு தடவை தைரியமாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஊர்ல அஞ்சு கட்டைலதான்மா பாடுவோம். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாச்சு. இதையும் இறக்கிட்டா அப்புறம் என்ன மிச்சம்?"

அடுத்த ஞாயிறும் ஐந்து கட்டையிலேயே வாசித்தேன்.

சுவரைப் பார்த்துப் பாடியவன்

'இடது கை'யில் பாடுவது வேட். இதுவும் விதிப்படிதான். அவன் சொந்தக் குழுவில் அவனை மைக் பக்கமே விடுவதில்லை. ஆள் மாடு மாதிரி இருப்பான், டிரம்ஸை உடைக்கிற மாதிரி அடிப்பான், ஆனால் பாட வேண்டுமென்றால் வெட்கம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் பாடுவான்.

அவனுக்கும் அடிக்குரல். டெரிக் எழுதிய பாட்டு மேலே போகிற இடத்தில் அவனுக்கு எட்டவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, காது சிவக்க, எனக்கு வராது என்று கிட்டாரைக் கழற்றப் போனான். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இவர் வெளியே போகவில்லை.

டெரிக் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு கீழே வேண்டும் என்று மட்டும் வேட்டிடம் கேட்டான். வேட் ஒரு சுருதியை முனகிக் காட்டினான். மிட்சும் வேட்டும் கிட்டார்த் தந்திகளை முறுக்கித் தளர்த்தினார்கள். மூன்று படி கீழே. கிரஞ்ச்காரர்களுக்கு இது சர்வசாதாரணம். தந்தி தளர்ந்தால் சத்தம் இன்னும் கனமாக வரும் என்று அவர்கள் வேண்டுமென்றே இறக்குவார்கள். பாட்டுக்கு ஆள் எட்டாவிட்டால் பாட்டை ஆளுக்கு இறக்கிவிடுவது. இவ்வளவுதான் அவர்களுக்கு.

என் கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் உண்டு. அதை மூன்று தடவை அழுத்தினால் சின்னத் திரையில் மைனஸ் மூன்று என்று காட்டும். அப்புறம் விரல்கள் பழைய இடத்திலேயே வாசிக்கலாம், சத்தம் மட்டும் மூன்று படி கீழே வரும். ஒரே சங்கடம், கீபோர்டை அணைத்துவிட்டுப் போட்டால் அது மறந்துபோய் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுத்த வேண்டும். தூக்கிக்கொண்டு வருவது, பிளக் மாட்டுவது, பட்டனை அழுத்துவது மூன்றும் இவர் வேலையாகிவிட்டது. எனக்கு ஞாபகம் இருக்காது, இவருக்கு மறக்காது. எங்கள் குடும்பமே அப்படித்தான் ஓடுகிறது.

இறக்கிய சுருதியில் வேட் பாடினான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவரைப் பார்த்துத்தான் பாடினான், ஆனால் தோள் இறங்கியிருந்தது.

வாரங்கள் போயின. நாங்கள் முடித்துவிட்டு உட்காரும்போது இவர் வயர்களைச் சுருட்டிக் கட்டுவார். சுருட்டும்போது அவரை அறியாமல் ஒரு முனகல். யாராவது திரும்பினால் நிறுத்திவிடுவார். நான் திரும்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். வேட்டுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. ஒரு நாள் நேராகப் போய்க் கேட்டுவிட்டான்.

"உங்கள் குரல் என் குரலைவிடக் கீழே போகிறது. ஏன் பாடுவதில்லை?"

இவர் சிரித்து மழுப்பி, எங்கள் சர்ச்சில் சுருதி உயரம் என்றார். அப்படியானால் இறக்கச் சொல்ல வேண்டியதுதானே என்றான் வேட், இதிலென்ன கஷ்டம் என்கிற முகத்தோடு. இவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "இவனுக்கு அருள்தாஸ் அங்கிளைத் தெரியாது."

சனிக்கிழமை

டாலஸில் பழைய கிடங்குகள் இருந்த பகுதியில் ஒரு கிளப். அங்கே சனிக்கிழமை மூன்று குழுக்கள் வாசிக்கும். முதல் குழுவாக எங்களுக்கு இடம் கிடைத்தது. முதல் குழு என்றால் சாயங்காலமே, வெளியே இன்னும் வெயில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். கூட்டம் வருவதற்கு முன்னால் தரையைச் சூடேற்றுகிற வேலை.

நான் என்ன உடுத்துவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் சுடிதாருக்கு மேலே, இவருடைய கட்டம் போட்ட சட்டை. இவர் மட்டும் ஆபீஸ் சட்டையை டக்-இன் பண்ணி, பையில் பேனாவோடு வந்தார்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டெரிக்கின் குழுவும் வேட்டின் குழுவும்தான். கையைக் கட்டிக்கொண்டு, நம்ம ஆட்களை என்ன செய்துவைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்கிற மாதிரி நின்றார்கள். வேட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்தே பழகியவனுக்கு முன்னால் மைக் மட்டும்தான் இருந்தது. திரும்பி நின்று பாடிவிடட்டுமா என்று டெரிக்கிடம் கேட்டான். டெரிக் என் கணவரைக் கூப்பிட்டு, மேடைக்கு நேர் கீழே நிற்கச் சொன்னான். வேட்டிடம், நீ இவருக்கு மட்டும் பாடு என்றான்.

ஆரம்பித்தோம். வேட்டின் கண் பேனா குத்திய அந்தச் சட்டையை விட்டு நகரவில்லை. இவரும் அசையாமல் நின்று, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். இரண்டாவது பாட்டில் வேட் மேலே போக வேண்டிய இடம் வந்தது. எட்டியது. கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. அவனுடைய குழுவின் பாடகனே விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். நான் இடது கையைத் துளியும் குறைக்கவில்லை.

கீழே பார்த்தேன். இவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சபையில் அசைக்கிற மாதிரி இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்கு என்ன கேட்கும்?

வீட்டுக்கு வரும் வழியில், நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். "அந்தப் பையன் பாடிட்டானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை எனக்குக் காதில் இன்னும் ரீங்காரம். சபைக்கு ஐந்து நிமிடம் தாமதம். நான் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டே வருவதற்குள், வழக்கம்போல இவர் கீபோர்டைத் தூக்கிப்போய் மாட்டிவைத்துவிட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அருள்தாஸ் அங்கிள் கையைத் தூக்கினார். நான் உட்கார்ந்த வேகத்தில் முன்னிசையை வாசித்துவிட்டேன்.

முதல் வரி பாடும்போதே ஏதோ வித்தியாசம். பாட்டு இலகுவாக இருந்தது. என் தொண்டைக்கு மூச்சு மிச்சம் இருந்தது. அங்கிளின் புருவம் உயர்ந்தது. அவர் காது சாதாரணக் காது இல்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் திரையைப் பார்த்தேன்.

மைனஸ் மூன்று.

கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் மூன்று படி. ஐந்து கட்டை மூன்று கட்டையாகியிருந்தது. பாட்டின் நடுவில் மாற்றவும் முடியாது. நிறுத்தச் சொல்ல அங்கிளின் கை மேலே வந்தது.

அப்போது சரணம் மேலே ஏறுகிற இடம். வழக்கமாக ஆண்கள் கைவிடுகிற இடம். அன்றைக்கு யாரும் விடவில்லை. டாக்டர் மாமா பாடினார், புதிதாக வந்த கம்ப்யூட்டர் பையன்கள் பாடினார்கள். அவர்கள் எல்லாருக்கும் அடியில், தரையிலிருந்து கிளம்புகிற மாதிரி, ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்து கேட்ட அதே குரல். இடையில் எத்தனையோ வருடம் போயும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்ணில் நீர் முட்டி, கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. விரல்கள் தாமாகவே வாசித்தன. முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அங்கிளின் கை காற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே இறங்கித் தாளம் போட்டது. கடைசிச் சரணத்தை இரண்டு தடவை பாட வைத்தார். ஆராதனை முடிந்ததும் பாட்லக். சாப்பாட்டு வரிசையில் இவருக்குப் பின்னால் நின்று, இவர் தட்டில் தாமே ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

டோல்வேயில் காரில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. கிளப்பிலேயே கீபோர்டை அணைத்தாயிற்று. அணைத்தால் அது மறந்துவிடும். காலையில் யாராவது ஒருத்தர் மூன்று தடவை அழுத்தியிருந்தால்தான் உண்டு.

"நீங்கதான் அழுத்துனீங்களா?"

ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பழக்கதோஷம்."

மீசைக்குள் சிரிப்பு இருந்தது. வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்து முனகிக்கொண்டே வந்தார், நான் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு நல்ல பிள்ளையாக நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்தேன். இவர் பிளக்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். திரையில் பூஜ்யம். நான் அவரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். அருள்தாஸ் அங்கிள் கீர்த்தனைப் புத்தகத்தோடு வந்தார், கீபோர்டை எட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, இவரிடம் கேட்டார்:

"தம்பி, அந்தப் பட்டனை இன்னும் அழுத்தலியா?"